பாய்மரப் படகில் ஒரு பகல்

கிரேக்க நாட்டில் மிலோஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. ஏதென்ஸ் நகரத்துக்குத் தெற்கே, ஏஜியன் கடலில், குதிரை லாடம் போல வளைந்து கிடக்கிறது. 2025 மே மாதம் அந்தத் தீவைப் பாய்மரப் படகில் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தோம், நானும் என் மகளும் என் தங்கையும். காலையில் ஏறி, பொழுது சாயும் நேரத்தில் இறங்கினோம். வெளிநாட்டுப் பயணம் போகிற சகோதரிகளுக்கும், என்னைப் போலக் கடல் என்றாலே அடிவயிறு கலங்குகிற சகோதரிகளுக்கும் உபயோகமாக இருக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மனைவிக்குக் கிரீஸ் எங்கிருந்து வந்தது என்று நினைப்பீர்கள். எல்லாம் என் தங்கையால்தான். அவள் நர்சிங் முடித்து, ஜெர்மன் மொழியில் பரீட்சை எழுதி, ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மூன்று வருடமாகக் கூப்பிட்டுக் கொண்டே இருந்தாள். இந்த முறை பள்ளி விடுமுறையில் என்னையும் என் பதினோரு வயது மகளையும் வரவழைத்துவிட்டாள். என் கணவர் கடையை விட்டு வர முடியாது. மாமியாரும் அவரும், "நீங்க போயிட்டு வாங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று அனுப்பி வைத்தார்கள்.

விசா பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் வாங்கியது ஜெர்மனியில் தங்கை வீட்டுக்குப் போவதற்கான விசா. அந்த ஷெங்கன் விசா இருந்தால் கிரீசுக்குத் தனியாக வாங்க வேண்டாம். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நடுவில் கிரீஸ் போகும் திட்டத்தையும் விண்ணப்பத்திலேயே காட்டிவிட வேண்டும். தகப்பனார் கூட வரவில்லை என்பதால் மகளுக்கு அவருடைய சம்மதக் கடிதம் கேட்டார்கள். இதைக் கடைசி நேரம் வரை தள்ளிப் போடாதீர்கள்.

நான் பிறந்தது நாகப்பட்டினம். துறைமுகத்துக்குப் போகிற வழியில் அப்பா டீக்கடை வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கப் போன என் சித்தி திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள், கையில் கிடந்த வளையலை வைத்துத்தான் அம்மா அடையாளம் சொன்னாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தங்கைக்கு எட்டு. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு வருடம் மீன் வாங்கவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, "கடல் இல்லாத ஊராப் பாருங்க" என்று நானே அப்பாவிடம் சொன்னேன். வேளாங்கண்ணிக்குப் போனால்கூட மாதாவைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவேன். என் மகள் கடலில் கால் நனைத்ததே கிடையாது. என் கணவர் அவளுக்குக் காவிரியில் நீச்சல் கற்றுக் கொடுத்திருக்கிறார். அதைக்கூட நான் கரையில் நின்று பார்த்ததில்லை.

இது தெரிந்துதான் தங்கை அந்தப் படகுக்குச் சீட்டுப் பதிவு செய்திருக்கிறாள். என்னிடம் சொன்னது ஏதென்சுக்கு வந்த பிறகுதான்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்கென்ன, தெரியாத வயசு" என்று சொல்லிவிட்டேன். அவள் நிதானமாக, "நானும் அன்னிக்கு அங்கதான்க்கா இருந்தேன்" என்றாள். அதற்கு மேல் எனக்குப் பேச வாய் வரவில்லை. பணமும் கட்டியாகிவிட்டது. ஒருவருக்கு நூற்று இருபது யூரோ. நம் பணத்தில் பத்தாயிரத்தைத் தாண்டும். மூன்று பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கட்டின பணத்தை விட்டுவிட்டு வர மனசு வருமா?

ஏதென்சை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மிலோசுக்குப் பெரிய கப்பல்கள் போகின்றன. வேகக் கப்பல் என்றால் மூன்று நான்கு மணி நேரம். சாதாரணக் கப்பல் கட்டணம் குறைவு, நேரம் அதிகம். அதில் ஆட்டம் தெரியவில்லை. நம்மூர் கல்யாண மண்டபம் மாதிரி அத்தனை பெரிசு. இறங்குகிற இடம் அடாமாஸ் என்கிற துறைமுக ஊர். தீவு மொத்தமே சுமார் 150 சதுர கிலோமீட்டர்தான். ஜனத்தொகை ஐயாயிரம் பேர் அளவில். பழைய எரிமலைத் தீவு என்பதால் மண்ணும் பாறையும் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கோலப்பொடிக் கடை போல இருக்கிறது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் படகுத்துறையில் நின்றோம். படகு நாற்பத்தைந்து அடி நீளம் இருக்கும். எங்களோடு பன்னிரண்டு பேர். ஓட்டுபவர் அறுபது வயதுக் கேப்டன். அவருக்கு உதவிக்கு இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவள்தான் நங்கூரம் எடுக்கிறாள், கயிறு இழுக்கிறாள், சமையலும் பார்க்கிறாள். எங்கள் நாகையில் பெண்கள் மீன் ஏலம் எடுப்பார்கள், கூடை சுமப்பார்கள், கருவாடு போடுவார்கள். படகில் ஏறி அவர்கள் கடலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணின் உள்ளங்கையைப் பார்த்தேன். காய்த்துப் போயிருந்தது.

ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு கூடையில் போடச் சொன்னார்கள். கோயிலுக்குப் போகிற மாதிரிதான், மாலை வரை எல்லோரும் வெறுங்கால். பிறகு கேப்டன் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். லைப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, நடக்கும்போது எதைப் பிடித்துக் கொள்ள வேண்டும் என்று காட்டினார். பாயின் அடியில் கட்டியிருக்கும் குறுக்குக் கட்டை திடீரென்று பக்கம் மாறும், தலையைப் பார்த்துக் கொள்ளுங்கள் என்றார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, தங்கை எனக்குத் தமிழில் சொன்னாள். நான் ஜாக்கெட்டை அப்போதே மாட்டிக் கொண்டேன். மற்றவர்கள் யாரும் மாட்டவில்லை. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

பெண்கள் கேட்கக் கூச்சப்படுகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். படகுக்குள் கழிவறை உண்டு. சின்னதுதான், ஆனால் சுத்தம். கையால் பம்பு அடித்துத் தண்ணீர் விட வேண்டும். காகிதத்தை அதில் போடவே கூடாது, தனியாகக் கூடை இருக்கிறது. கடல் ஆடும்போது போகாமல், படகு நிற்கும்போதே போய் வந்துவிடுங்கள். உடை விஷயத்தில் நான் சுடிதார். கூட வந்தவர்கள் நீச்சல் உடையில் இருந்தார்கள். முதல் அரைமணி நேரம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அது கண்ணில் படவே இல்லை.

அடாமாசை விட்டுக் கிளம்பியதும் கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் கிளிமா என்கிற மீனவர் குடியிருப்பு வந்தது. சகோதரிகளே, அதைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வரிசையாக வீடுகள். கீழ்த்தளத்தில் படகு நிறுத்துகிற அறை, மேலே குடித்தனம். சிவப்பு, நீலம், பச்சை என்று கதவுகளுக்கு வண்ணம் அடித்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் வாசல் இல்லை, தெரு இல்லை, கடல்தான்! தண்ணீர் வாசற்படியைத் தொட்டுக் கொண்டிருக்கிறது. "இவர்களுக்குப் பயம் இல்லையா, ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வராதா?" என்று தங்கையைக் கேட்கச் சொன்னேன். இந்தக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு சாண் அளவுதான் என்றார் கேப்டன். நம் கடலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. குளிர்காலப் புயலில் மட்டும் கீழ் அறைக்குள் தண்ணீர் போகுமாம். அதற்காகத்தான் குடித்தனம் மேலே.

கிளிமாவுக்கு மேலே உள்ள மலைச்சரிவில்தான் 1820-ல் ஒரு குடியானவர் மண்ணைத் தோண்டும்போது வீனஸ் சிலையைக் கண்டெடுத்தாராம். இரண்டு கையும் இல்லாத பளிங்குப் பெண். படத்தில் நாம் எல்லோரும் பார்த்திருப்போம். சிலை இப்போது பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிடைத்த ஊரில் இருப்பது நகல். நம் கோயில் சிலைகள் வெளிநாட்டில் இருப்பது போலத்தான் என்று நினைத்துக் கொண்டேன்.

வளைகுடா வாயைத் தாண்டினால் கரடி போல ஒரு பாறை கடலில் நிற்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயரும் கரடிதான். அங்கிருந்து படகு மேற்குக் கரையோடு தெற்கே திரும்பியது. அந்தக் கரையில் ஆள் நடமாட்டம் கிடையாது. வெறும் பாறையும் புதரும்தான். காற்று வடக்கிலிருந்து, எங்களுக்குப் பின்னால் இருந்து வீசியது. எங்கள் ஊர்க் கணக்கில் வாடை. பாயை விரித்தார்கள், படகு நோகாமல் போனது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இதே வடக்குக் காற்று மெல்தெமி என்ற பெயரில் நாள் கணக்காகப் பிய்த்துக் கொண்டு அடிக்குமாம். அப்போது தீவை முழுதாகச் சுற்றுவது கேப்டன் கையில் இல்லை. காற்றுக்கு மறைவான கரைக்கு மட்டும் கூட்டிப் போவார்கள், அல்லது பயணத்தையே ரத்து செய்வார்கள். ரத்தானால் பணம் திரும்ப வருமா என்று முன்னாலேயே கேட்டுக் கொள்ளுங்கள். பாய்மரப் படகு என்று பெயரே தவிர, பாதி நேரம் இன்ஜினில்தான் ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். விளம்பரப் படத்தில் இன்ஜின் சத்தம் கேட்காது அல்லவா!

சிக்கியா என்கிற குகையைக் காட்டினார்கள். கூரை இடிந்து விழுந்து, மேலே வானம் தெரிகிறது. பிறகு தென்மேற்கு மூலையில் கிளெப்டிகோ. இந்தத் தீவுக்கு வருகிறவர்கள் எல்லாம் தேடி வருகிற இடம் இது. தயிர் போல வெளுத்த பாறைகள் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. அவற்றில் வளைவுகள், குகைகள், சந்துகள். கிரேக்க மொழியில் திருடன் என்ற சொல்லில் இருந்து வந்த பெயராம். அந்தக் காலத்தில் கடல் கொள்ளையர் படகை ஒளித்து வைத்த இடம். கார் போகாது. காட்டுப் பாதையில் நடந்தால் உண்டு, இல்லாவிட்டால் படகுதான்.

அங்கே நங்கூரம் போட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கடலில் குதிக்க ஆரம்பித்தார்கள். என் மகள் படகின் அமரத்தில், ஏணிக்குப் பக்கத்தில் போய் நின்று கொண்டாள். முழுக்கை பனியனும் லெக்கின்சும் போட்டிருந்தாள். குதிக்கவும் இல்லை, "போகட்டுமா" என்று கேட்கவும் இல்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். கும்பகோணத்தில் கிளம்பும்போதே, "தண்ணியில எறங்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கியிருந்தேன். பாவம், அதைக் காப்பாற்றிக் கொண்டு நிற்கிறாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் தண்ணீரில்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு என் கணவர் சொன்னது ஞாபகம் வந்தது. "நீ பயப்படு. உனக்கு நியாயம் இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு?"

தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. உதவிக்கார பெண் ஒரு வட்ட மிதவையைப் படகோடு கயிறு கட்டித் தண்ணீரில் போட்டு, தானும் இறங்கி நின்றாள். தங்கையும் குதித்தாள். மகள் மூக்கைப் பிடித்துக் கொண்டு குதித்தாள். ஒரு நொடி தலை மறைந்தது.

சகோதரிகளே, அன்றைக்கு எங்கள் ஊருக்குள் வந்த தண்ணீர் கறுப்பு. சேறும் சகதியுமாக, எதையும் காட்டாத கறுப்பு. என் கனவில் வருவதும் அதுதான். ஆனால் இங்கே என் மகள் தண்ணீருக்குள் போனபோது அவள் உள்ளங்கால் தெரிந்தது. பின்னல் மேலே மிதப்பது தெரிந்தது. கால் கொலுசு தெரிந்தது. அடியில் வெள்ளை மணல் தெரிந்தது. மேலே வந்து வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிவிட்டு, "அம்மா, உப்பு! காவிரி மாதிரி இல்லம்மா, தானா தூக்குது!" என்று கத்தினாள். நான் படகின் கம்பியைப் பிடித்துக் கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். ஜெர்மன்கார அம்மாள் ஒருத்தி எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

அரைமணி நேரம் கழித்து நானும் ஏணியில் இறங்கினேன். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. முதல் படியில் கணுக்கால், அடுத்த படியில் முழங்கால், கடைசிப் படியில் இடுப்பு. மே மாதத்துத் தண்ணீர் சில்லென்று வெட்டியது. "கையை விடுக்கா, நான் புடிச்சிருக்கேன்" என்றாள் தங்கை. நான் விடவில்லை. இடுப்பு வரை நின்றது போதும் எனக்கு. சுடிதார் துப்பட்டாவைப் படகிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். ஈரத்துணி காலைச் சுற்றினால் ஆபத்து.

மத்தியானச் சாப்பாடு படகிலேயே. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் தைரியமாகப் போகலாம், முன்கூட்டிச் சொன்னால் போதும். ஃபாவா என்று ஒன்று வைத்தார்கள். மஞ்சள் பருப்பை மசிய வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, வெங்காயம் தூவியிருந்தார்கள். நம் பருப்புக் கடைசல்தான், தாளிப்பு மட்டும் இல்லை! தயிரில் வெள்ளரிக்காய், பூண்டு போட்ட பச்சடி. திராட்சை இலையில் சாதத்தைச் சுருட்டிய பண்டம். தக்காளியும் வெள்ளரியும் பாலாடைக்கட்டியும் போட்ட சாலட். கடைசியில் இந்தத் தீவுக்கே உரிய தர்ப்பூசணி இனிப்பு. பழத்தின் சதையை மாவோடு கலந்து, தேனும் எள்ளும் சேர்த்து அடுப்பில் வேகவைப்பார்களாம். வீட்டுக்கு வந்து தோசைக்கல்லில் மூடி போட்டுச் செய்து பார்த்தேன். பழத்தை நன்றாகப் பிழிந்துவிட்டுக் கோதுமை மாவு சேர்த்தால் அடை போல வருகிறது. மாமியாருக்குப் பிடித்திருந்தது.

சாப்பிட்டபின் தெற்குக் கரையோடு கிழக்கே போனோம். சிவப்பும் மஞ்சளுமாகப் பாறைச் சுவர்கள், அடியில் சின்னச் சின்னக் கடற்கரைகள். அதை விட என்னைக் கவர்ந்தது கிழக்குக் கரையில் இருக்கும் பழைய கந்தகச் சுரங்கம். மூடி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கூரை போன கட்டடங்கள், துருப்பிடித்த தண்டவாளங்கள், மலையில் மஞ்சள் கறை. இந்தத் தீவு சுற்றுலாவில் மட்டும் பிழைக்கவில்லை. இன்றைக்கும் பெண்டோனைட் என்கிற களிமண்ணை வெட்டிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். துளை போடும்போது பக்கவாட்டு மண் சரியாமல் இருக்க ஊற்றுகிற மண் அது. அதற்கெல்லாம் முன்னால், கல் ஆயுத காலத்தில், இங்கே கிடைக்கும் கறுப்புக் கண்ணாடிக் கல்லில்தான் கத்தி செய்திருக்கிறார்கள். அந்தக் கல் பத்தாயிரம் வருடத்துக்கு முன்பே கிரேக்கப் பெருநிலத்துக்குப் போயிருக்கிறது. தீவிலிருந்து கல் தானாகப் போகாது. யாரோ படகில் வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். அப்போது பாயாவது இருந்ததோ என்னவோ!

வடகிழக்கு மூலையில் கிமோலோஸ் என்கிற பக்கத்துத் தீவுக்கும் மிலோசுக்கும் நடுவே ஒரு குறுகிய கடல். அங்கே நுழைந்ததும் காற்று எதிரே வந்தது. படகின் அணியம் மேலே தூக்கி, தொம்மென்று விழுந்தது. தெறித்த தண்ணீர் முகத்தில் அடித்தது. இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். காலையில் குதித்து விளையாடிய ஒரு இளம்பெண் முகம் வெளுத்து மூலையில் சுருண்டுவிட்டாள். நான் கும்பகோணத்திலிருந்து கொண்டு போயிருந்த இஞ்சி மரப்பாவை ஒரு துண்டு கொடுத்தேன். சந்தேகமாக வாயில் போட்டவள், பத்து நிமிடம் கழித்து இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாள்! வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரைமணி முன்பே போட வேண்டும், வந்த பிறகு போட்டுப் பயனில்லை. கீழ் அறைக்குள் போகக் கூடாது. பின்பக்கம் உட்கார்ந்து தூரத்துக் கரையையே பார்த்தால் தலை சுற்றாது.

எனக்கு வாந்தி வரவில்லை, நடுக்கம்தான். மகளை மடியில் இறுக்கிக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேப்டன் தங்கையிடம் ஏதோ கேட்டார். அவள் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் சுக்கானைப் பிடித்திருந்தார். பிறகு சொன்னார். அவருடைய அம்மா அமோர்கோஸ் தீவுக்காரி. 1956 ஜூலை 9 விடியற்காலையில் அந்தத் தீவுக்குப் பக்கத்தில் பெரிய பூகம்பம். சாண்டோரினி தீவில் வீடுகள் இடிந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தக் கடலிலும் அன்றைக்குச் சுனாமி வந்தது. சிறுமியாக இருந்த அவர் அம்மா, கடல் உள்வாங்கிப் போனதையும் திரும்பி வந்ததையும் மலை மேலிருந்து பார்த்தாளாம். அவர்கள் படகு போய்விட்டது.

"அப்புறம்?" என்று நானே தமிழில் கேட்டுவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "தாத்தா வேறு படகு செய்தார்" என்றார். அம்மா மட்டும் கடைசி வரை அதில் ஏறவே இல்லையாம். "என்னையும் ஏற வேண்டாம் என்று திட்டுவாள். சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டுத் திட்டுவாள்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்தம்மாளை நேரில் பார்த்தது போல இருந்தது.

வடக்குக் கரைக்கு வந்து படகு மேற்கே திரும்பியதும் காற்று பக்கவாட்டில் வந்தது. அந்தப் பெண் ஓடி ஓடிப் பாயை ஏற்றினாள். கேப்டன் இன்ஜினை நிறுத்தினார். அந்த நொடியில் இருந்த அமைதியை எப்படி எழுதுவது? காலையிலிருந்து கேட்ட சத்தம் போய், தண்ணீர் பிளக்கிற ஓசையும் கயிறு முனகுவதும் மட்டும் கேட்டது. படகு அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்சநஞ்சச் சாய்வு இல்லை, மடியில் வைத்திருந்த பாட்டில் உருண்டு ஓடியது. "கவுந்துடும், கவுந்துடும்" என்று அலறிவிட்டேன். கேப்டன் கையைத் தட்டு மாதிரி வைத்து ஆட்டிக் காட்டி, படகின் அடியில் கனமான இரும்பு இருக்கிறது, எவ்வளவு சாய்ந்தாலும் அது இழுத்து நிமிர்த்திவிடும் என்றார். தங்கை மொழிபெயர்ப்பதற்குள் என் மகள், "அம்மா, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைம்மா!" என்றாள். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுக் கொலுவில் இருக்கிற பொம்மைதானே! அடியில் கனம், தள்ளினால் சாயும், விட்டால் நிமிரும். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை சாய்ந்தபோதும் மனசுக்குள் அந்தப் பொம்மையை நினைத்துக் கொண்டேன். கேப்டன் மகளைச் சுக்கான் சக்கரத்தைப் பிடிக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் அவள்தான் ஓட்டினாள். நான் போட்டோ எடுக்கக்கூட மறந்து பார்த்துக் கொண்டிருந்தேன்.

சரகினிகோ என்கிற வெள்ளைப் பாறைக் கரையைத் தூரத்திலிருந்து பார்த்தோம். சுண்ணாம்பில் குழைத்து வைத்தது போல, புல் பூண்டு எதுவுமில்லை. நிலா மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எனக்கு இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது.

துறைக்குத் திரும்பியபோது மணி ஏழு. அங்கே மே மாதத்தில் எட்டரைக்குத்தான் இருட்டுகிறது. இறங்கித் தரையில் நின்றால் தரை ஆடுகிறது! இரவு வரை அந்த ஆட்டம் இருந்தது. செருப்புக் கூடையில் என் செருப்பைத் தேடி எடுத்துக் கொண்டு, துறையிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து நாகைக்குப் போன் போட்டேன். நம் ஊரில் அப்போது மணி ஒன்பதரை. அம்மா தூங்கவில்லை. அப்பா போன பிறகும் அம்மா அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயேதான் இருக்கிறாள்.

தீவைச் சுற்றியதைச் சொன்னேன். பாப்பா கடலில் குளித்ததையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்த ஊர்ல கடலோரத்துல வீடு இருக்கா?"

"இருக்கும்மா. கதவத் தொறந்தா தண்ணி."

"ஆளுங்க குடியிருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. துணி காயப் போட்டிருந்தாங்க."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பாப்பா தலையை நல்லாத் தொவட்டு. உப்புத் தண்ணி, சிக்கு விழும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.